சுத்தியல் சத்தம் கேட்டால் பேசுகிறேன்

மார்ச் 3

வீட்டுக்காரிக்கு,

இதை எழுதுவது நான்தான். யாரையும் எழுதச் சொல்லவில்லை. உறையின் மேல் உன் அக்கா வீட்டு விலாசத்தையும் நானே எழுதினேன். மூன்று உறை வீணாயிற்று. நாலாவது உன் கையில் இருக்கிறது.

போன வருடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது நீ என்ன சொன்னாய்? "போன்ல உங்ககூட பேச மாட்டேன். கத்திட்டு வெச்சிடுவீங்க. ஏதாவது சொல்லணும்னா எழுதிச் சொல்லுங்க." என்னால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னாய். கல்யாணப் பதிவில் நான் கட்டைவிரலை உருட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நீ.

சரி, எழுதிவிட்டேன். நூலகத்து மாடியில் மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஒன்பது பேர் இருக்கிறோம். என் பக்கத்தில் உட்காருகிறவர் முப்பது வருடம் லிப்ட் இயக்கியவர். எண்கள் எல்லாம் தெரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுப் படிக்கிறோம். நான்தான் முன்னால்.

இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். பெயின்ட் டப்பாவில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று போட்டிருக்கிறது. நாற்பது வருடமாக யாரும் சொல்லாமலேயே குலுக்கிக்கொண்டுதான் இருந்தேன். படித்த அன்று டப்பாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன்.

எழுத வந்த விஷயம் வேறு. நம் பையன் பட்டாணி உன்னோடு தினமும் பேசுகிறானாமே. மருமகள் சொன்னாள். "எட்டரைக்கு ஆரம்பிச்சா ஒன்பதேகால் வரைக்கும் அத்தைகூடத்தான் மாமா." எனக்கு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நிமிடம். "சாப்டீங்களா, மாத்திரை இருக்கா, வெச்சிடவா." பெட்ரோல் போடுகிற ஆள்கூட என்னிடம் இதைவிட அதிகம் விசாரிக்கிறான். உள்ளங்கையில் அடங்கப் பிறந்தவன் என்று நாம்தானே அவனுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தோம். நாம் என்றால் நானும்தான்.

முக்கால் மணி நேரம் தினமும் என்ன பேசுவீர்கள்? என்னைப் பற்றி ஏதாவது உண்டா?

இந்தப் பக்கம் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 10

பட்டறைக்காரருக்கு,

கடிதம் வந்தது. அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். நான் தாளைத் திருப்பி அவள் விரலைப் பின்பக்கம் வைத்துத் தடவச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தும் தகரத்தில் வெட்டியது மாதிரி மேடாக இருந்தது. "அவரேதான்" என்றாள்.

சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருடம் நான் ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதும். மூன்று நாள் உட்கார்ந்தீர்கள். நாலாம் நாள், "பொண்டாட்டிகிட்ட பாடம் படிக்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கலை" என்று சொல்லி அந்தச் சிலேட்டின் மேல் கிரீஸ் டப்பாவை வைத்தீர்கள். அதன் பிறகு எத்தனை தடவை கெஞ்சினேன்! இப்போது ஏழு மாதத்தில் கடிதமே எழுதுகிறீர்கள் என்றால் சொல்லிக்கொடுத்தவர் பெரிய கெட்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

லிப்ட்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், டப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சொல்லிக்கொடுக்கிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆணா பெண்ணா? பெண் என்றால் வயது என்ன?

பிள்ளை என்னோடு என்ன பேசுவான் என்று கேட்கிறீர்கள். மருந்துக் கடைகளுக்குப் பெட்டி இறக்கப் போகிற வழியில் பேசுவான். எந்தக் கடைக்காரன் திட்டினான், எவன் தண்ணீர் கொடுத்தான், மருமகள் முடியை வெட்டிக்கொண்டாள், இதெல்லாம்தான். உங்களோடு என்ன பேசுவான்? நான் அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டு நான் திரும்பவில்லை என்று, என் போனைப் பிடுங்கிப் பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பாவுக்குள் போட்ட மனிதர் நீங்கள். அவன் அப்போது மறுமுனையில் இருந்தான். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம், போன் முழுகும் வரைக்கும்.

உங்களைப் பற்றியும் பேசுவோம். என்ன பேசினோம் என்று எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 19

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வயது என்ன என்று நீ கேட்ட வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். கடினமான வரி ஒன்றும் இல்லை. பிடித்திருந்தது.

பெண்தான். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வயதை நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்வார், நன்றாகச் சிரித்துப் பேசுவார். நான் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படித்தால் மேஜையில் முத்திரை குத்துவது மாதிரி ஒரு தட்டு தட்டுவார். லிப்ட்காரருக்கு இதுவரை இரண்டு தட்டுதான் கிடைத்திருக்கிறது. இதற்கு மேல் எழுதினால் நீ தாளைக் கிழித்துவிடுவாய். கீழே முக்கியமான விஷயம் இருக்கிறது, கிழிக்காதே.

நீ போன பிறகு வீட்டுக்கு வந்த கவர்களை எல்லாம் ஜன்னல் ஓரம் அடுக்கி வைத்திருந்தேன். படிக்க ஆள் இல்லை. உள்ளே இருக்கும் தாள் நல்ல கெட்டியாக இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியையும் விளக்கையும் மூட அந்த மாதிரி தாளைத்தான் தேடுவேன், செய்தித்தாள் ஊறிவிடும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டறைக்குக் கொண்டு போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன திங்கள்கிழமை ஒரு பச்சைக் காருக்குப் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, பின்விளக்கை மூடியிருந்த தாளைப் பிரிக்கப் போனேன். இப்போதுதான் எதையும் படிக்காமல் கிழிப்பதில்லையே. நின்று படித்தேன். 'வாகனம் ஓட்டும்போது கைபேசி பயன்படுத்தியது. இரண்டாம் அறிவிப்பு.' கீழே வண்டி எண். எண் எனக்கு எப்போதும் தெரியும். பட்டாணியின் வேன். அதை வாங்கும்போது இந்த வீட்டு விலாசத்தைத்தானே கொடுத்தோம், அவன் தனியாகப் போன பிறகும் மாற்றவில்லை.

முதல் அறிவிப்பு எந்தக் காரின் மேல் இருந்து எந்தக் குப்பைக்குப் போனதோ தெரியாது. மூன்றாவது வந்தால் ஆறு மாதத்துக்கு லைசன்ஸ் நிறுத்தம் என்று போட்டிருக்கிறது. அந்த இடத்தில் பச்சை கொஞ்சம் தெறித்திருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. சட்டம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கேமராக் கம்பத்தில் இருந்து படம் எடுத்தது, தபாலில் போட்டது. வந்து சேர்ந்தது கைநாட்டுக்காரன் வீட்டுக்கு.

படமும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். ஒரு கை போனைக் காதில் வைத்திருக்கிறது, இன்னொரு கையின் இரண்டு விரல் ஸ்டீயரிங்கில். தலையைச் சாய்த்து வாய் நிறையச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. என் எதிரில் அவன் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். படத்தின் ஓரத்தில் நேரம் போட்டிருக்கிறது. எட்டு நாற்பத்திரண்டு.

அது உன் நேரம். முதலில் வயிறு எரிந்தது. பிறகுதான் பயம் வந்தது. வரிசையை மாற்றி எழுதலாம், ஆனால் நடந்தது இப்படித்தான்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல், என்ன செய்யலாம்?


மார்ச் 25

முத்திரை அம்மாவின் மாணவருக்கு,

கிழிக்கவில்லை. மடித்து அக்காவின் நூல்பெட்டிக்குள் வைத்தேன். அவள் எடுத்துப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதறார், தட்டு வாங்கியிருக்கார் பாரு" என்றாள். அவளுக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சு இல்லை.

அவன் ஓட்டும்போதுதான் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். வேறு எப்போது பேசுவான்? ஆறு மணிக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். பதினாறு கடைக்கு இறக்க வேண்டும். சாயங்காலம் வீடு, மருமகள், அவள் படிப்பு, சமையல். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் இருக்கும் ரோடு மட்டும்தான் அவனுடைய சொந்த நேரம். அதை எனக்குக் கொடுக்கிறான்.

மேலும் இப்போது கையில் பிடிப்பதில்லை. காதில் மாட்டும் ப்ளூடூத் வாங்கிவிட்டான். கையில் பிடித்தால்தான் குற்றம், காதில் இருந்தால் இல்லை என்று அவனே சொன்னான். கம்பத்துக்கு இனி எதுவும் தெரியாது.

தாளை அவனிடம் கொடுத்துவிடுங்கள், போய் அபராதம் கட்டட்டும். ஆனால் அதைக் காரணமாக வைத்து என் எட்டரை மணியைப் பிடுங்காதீர்கள். போனைப் பிடுங்கியது போதும். இங்கே மாடிப்படியின் கீழ் அறையில் இருக்கிறேன். அக்கா நாளெல்லாம் மிஷினோடுதான் பேசுவாள். எட்டு இருபதுக்கு நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு மூன்றாவது படியில் உட்காருவேன். அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். என் நாளில் ஆள் குரல் என்று இருப்பது அதுதான். உங்களுக்காவது தட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது.

பொறாமையில் எழுதுகிறீர்கள். ஒத்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 2

வீட்டுக்காரிக்கு,

ஒத்துக்கொள்கிறேன். பொறாமைதான். அவன் என்னிடம் சிரித்துப் பேச மாட்டானா என்று இருக்கிறது. நீ என்னிடம் பேச மாட்டாயா என்றும் இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடும் அந்தக் கம்பி இல்லாத கம்பியை எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியாமல்தான் அன்றைக்குப் போனைத் தின்னரில் போட்டேன். செய்தது தப்பு. இதை வாயால் சொல்ல வராது. எழுத வருகிறது.

இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு மிச்சத்தைப் படி. இதில் பொறாமை இல்லை. இது என் தொழில்.

தாளை அவனிடம் கொடுத்தேன். பச்சையைப் பார்த்து, "என்னப்பா இது, என் லைசன்ஸை வெச்சு வண்டிக்கு முகமூடி போட்டீங்களா?" என்றான். போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தாளை மோந்து பார்த்தாராம். அபராதம் கட்டிவிட்டு, இனிமேல் பண்ண மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வந்தான். அந்த அலுவலக வாசலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு உனக்குப் போன் செய்தான். மறுக்காதே, மருமகளிடம் கேட்டுவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் கம்பத்தைப் பட்டறையில் இருந்தே பார்க்கலாம். ஒரு நாள் காலை வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்தேன். காதில் போனை வைத்துக்கொண்டு வருகிறவன் கம்பம் வந்ததும் மடியில் இறக்குகிறான். தாண்டியதும் ஏற்றுகிறான். இறக்கும்போதும் ஏற்றும்போதும் தலை குனிகிறது. அந்த இரண்டு குனிவில் ரோட்டை யார் பார்ப்பது? ஒரு போலீஸ்காரரும் வந்தார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி, கம்பத்தின் கீழேயே சத்தமாகப் பேசிக்கொண்டு போனார். கம்பத்துக்குக் கண் இருக்கிறது, காது இல்லை. அதனால்தான் நம் பிள்ளை காதுக்கு மாறிவிட்டான்.

இப்போது கேள். போன வெள்ளிக்கிழமை அவன் வேனை இங்கே கொண்டு வந்தான். முன்பக்கம் ஒடுக்கு. "ஒண்ணுமில்லப்பா, நாய் குறுக்கே வந்துச்சு. பிரேக் அடிச்சேன், முன்னாடி நின்ன கார்ல லேசா பட்டுடுச்சு" என்றான்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாத காலத்திலும் ஒடுக்கைப் படிக்கத் தெரியும். பிரேக்கை மிதித்தால் வண்டி மூக்கைத் தாழ்த்தும். தாழ்ந்த மூக்கு முன்னால் நிற்கிற வண்டியின் பம்பருக்குக் கீழே நுழையும். அப்போது நசுங்குவது மேலே, விளக்கும் பானட்டும். பிரேக்கை மிதிக்காத வண்டி தலை நிமிர்ந்தபடியே போய் பம்பரோடு பம்பர் மோதும். இவன் வேனில் விளக்கு முழுசாக இருக்கிறது. பானட்டில் ஒரு கீறல் இல்லை. பம்பர் மட்டும் தட்டையாக உள்ளே போயிருக்கிறது. இவன் பிரேக்கைத் தொடவே இல்லை. நாயும் இல்லை.

"எந்த நேரம்டா?" என்றேன். "எட்டரை, எட்டே முக்கால் இருக்கும்." "போன் எங்கே இருந்துச்சு?" "காதுலப்பா, கையில இல்லை. கை ரெண்டும் ஸ்டீயரிங்லதான் இருந்துச்சு." "கண்ணு?" அவன் குனிந்து பம்பரைத் தடவினான். கண்ணும் ரோட்டில்தான் இருந்திருக்கும். மனசு உன் மூன்றாவது படியில் இருந்தது.

பிறகு வேறு ஒன்றைக் கேட்டேன். அந்தக் கார் ஏன் நின்றுகொண்டிருந்தது? வேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆள்கள் கடக்கிற வெள்ளைக் கோடு அது. யாரோ கடந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கார் அங்கே நின்றதால் இடியை அது வாங்கிக்கொண்டது. நிற்காமல் இருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வியாழக்கிழமை காலை நடந்தது. அன்றைக்கு உன் காதில் ஏதாவது விழுந்ததா?


ஏப்ரல் 8

உங்களுக்கு,

விழுந்தது.

'டொப்' என்று ஒரு சத்தம். "என்னடா?" என்றேன். "பெட்டி சரிஞ்சிடுச்சும்மா" என்றான். யாரோ கத்தினார்கள். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வைக்கவில்லை. படியிலேயே டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? "சரி, அப்புறம் அந்த முடி வெட்டின கதையை இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னான்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இதை அக்காவிடம் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தினாள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கள்கிழமை போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் பேச முடியாது, பேசாவிட்டால் ஒழுங்காக ஓட்டுவான் என்று நினைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தான். ஒன்பது மணிக்குள் பதினொரு தடவை. நடுவில் எழுதி வேறு அனுப்பினான், 'அம்மா ஏன் எடுக்கலை', 'உடம்பு சரியில்லையா', 'பயமா இருக்கு'. ஓட்டிக்கொண்டே எழுதியிருக்கிறான். பேச்சுக்குக் காது போதும், இதற்குக் கண்ணும் கையும் வேண்டும். எடுப்பதைவிட எடுக்காதது ஆபத்தாகப் போயிற்று. பதறிப்போய் எடுத்துவிட்டேன்.

"வண்டியை நிறுத்திட்டுப் பேசுடா" என்று சொன்னேன். "நிறுத்திட்டேம்மா" என்றான். பின்னால் ஹாரன் நகர்ந்துகொண்டே போகிறது. என்னிடம் பொய் சொல்கிறான். இத்தனை வருடத்தில் பெட்டி சரிந்தது முதல் பொய், இது இரண்டாவது.

கம்பத்தால் முடியவில்லை, தாளால் முடியவில்லை, கையெழுத்தால் முடியவில்லை. ஒன்று யோசித்திருக்கிறேன். மூன்றாவது கடைக்கும் நாலாவது கடைக்கும் நடுவில் அவன் உங்கள் பட்டறை வாசல் வழியாகத்தானே போகிறான்? அங்கே நிறுத்தட்டும். பெஞ்சில் உட்கார்ந்து அங்கிருந்து கூப்பிடட்டும். பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் பத்து நிமிடம் போதும். அவன் நிறுத்தினானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அப்போது சுத்தியலால் அடித்துக்கொண்டிருங்கள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முப்பத்தேழு வருடம் கேட்டிருக்கிறேன். உங்கள் கைக்கு மூன்று அடி, ஒரு இடைவெளி. வேறு யார் அடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

சுத்தியல் சத்தம் கேட்டால் பேசுகிறேன். கேட்காவிட்டால் அந்த நிமிடமே வைத்துவிடுவேன். இன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டேன். "இது என்னம்மா புதுச் சட்டம்?" என்றான். "இதுக்கு அபராதம் கிடையாது, போன் கட் ஆகும், அவ்வளவுதான்" என்றேன்.

உங்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். அவன் உங்கள் எதிரில் உட்கார்ந்து என்னோடு சிரிப்பான்.


ஏப்ரல் 20

வீட்டுக்காரிக்கு,

உன் சட்டம் வேலை செய்கிறது. முதல் நாள் பட்டறை வாசலைத் தாண்டிப் போய்விட்டான். நான் உள்ளே அடித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ வைத்திருப்பாய் போல. இரண்டு நிமிடத்தில் வேன் பின்பக்கமாக வந்து நின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். "அடிங்கப்பா" என்றான். அடித்தேன்.

அதிலிருந்து தினமும் எட்டரைக்கு வருகிறான். பெஞ்சைத் துடைத்து வைத்திருக்கிறேன். உட்காருகிறான், உன்னைக் கூப்பிடுகிறான், நான் அடிக்கிறேன். இதில் உள்ள கொடுமையை நீ யோசித்தாயா, இல்லை யோசித்துத்தான் செய்தாயா? இரண்டு கஜ தூரத்தில் என் மகன் வாய் திறந்து சிரிக்கிறான், அந்தப் படத்தில் இருந்த அதே சிரிப்பு. பல் எல்லாம் தெரிகிறது, தொடையில் அடித்துக்கொள்கிறான். எனக்கு ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கான சத்தத்தைப் போடுவதும் நான்தான். ஊமைப்படம் பார்க்க டிக்கெட்டும் வாங்கி, படம் ஓட்டுகிற மிஷினையும் கையால் சுற்றுகிறேன்.

எல்லா நாளும் அடிப்பதற்கு வேலை இருக்காது. சில நாள் பெயின்ட் வேலை மட்டும் இருக்கும். அப்போது ஒரு பழைய மட்கார்டை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா அடிக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணும் ஒடுக்கு இல்லையே?" என்றார். "இருக்கு, உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

நேற்று ஒரு தப்பு செய்தேன். அவன் முகம் திடீரென்று மாறியது. என் பக்கம் பார்த்தான். என்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துவிட்டது. கை தானாக நின்றுவிட்டது. என் காதில் விழுந்தது இரண்டு வார்த்தை. "அப்பா பாவம்மா." அதற்குள் நீ வைத்துவிட்டாய். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "அய்யோ, அடிங்கப்பா! கட் பண்ணிட்டாங்க!" என்று கத்தினான். நான் அடி அடி என்று அடித்தேன். நீ திரும்ப எடுக்கவில்லை. மணி எட்டு ஐம்பது ஆகியிருந்தது, கிளம்பிவிட்டான். அன்றைக்கு ரோட்டில் அவன் பேசியிருக்க முடியாது, பேச ஆள் இல்லை.

ஏன் பாவம்? எதனால் பாவம்? நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. லிப்ட்காரர் சொல்லித் தட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் உன்னால்.

ஒன்று மட்டும் புதிது. போனை வைத்த பிறகு அவன் உடனே ஓடுவதில்லை. தண்ணீர் கேட்கிறான். முந்தாநாள் மட்கார்டைத் தூக்கிப் பார்த்து, "இதை அடிச்சு அடிச்சு நீங்க புதுசா ஒரு வண்டியே செஞ்சிடுவீங்க போலிருக்கு" என்றான். வாய் திறந்து சொன்னான். பல் தெரிந்தது.


மே 2

உங்களுக்கு,

அவன் சொல்ல வந்தது இவ்வளவுதான்: "அப்பா பாவம்மா, நசுங்காத தகரத்தைப் போட்டு அடிச்சிக்கிட்டிருக்கார், நீ ஒரு நாள் அவர்கிட்டயும் பேசக்கூடாதா?" நீங்கள் இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் முழுவதையும் சொல்லி முடித்திருப்பான். உங்களுக்கு எதற்குமே பொறுமை இல்லை.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டுப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

புதன்கிழமை அவன் பேசி முடித்தான். "வெச்சிடறேம்மா, நேரமாச்சு" என்றான். ஆனால் வைக்கவில்லை. பெஞ்சில் போட்டுவிட்டுப் போய்விட்டான் போல. வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது, தேய்ந்து போயிற்று. போன் அங்கேயே இருக்கிறது. நீங்கள் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அவன் போன பிறகும்! யாருக்காக அடிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. மூன்று அடி, ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் நீங்கள் மூச்சு விடுவது கூடக் கேட்டது. "என்னங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை. நான் வைக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. அக்கா வந்து, "பையன் இன்னும் பேசறானா?" என்றாள். "ஆமா" என்று பொய் சொன்னேன். கால் மணி நேரம் இருக்கும்.

அன்றைக்கு முழுவதும் அவன் போன் இல்லாமல் பதிமூன்று கடைக்கு ஓட்டியிருக்கிறான். சாயங்காலம் மருமகள் போனில் இருந்து கூப்பிட்டு, "ரோட்டுல இத்தனை மரம் இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றான்.

இருக்கட்டும். கேட்க வந்தது இது இல்லை. கால் மணி நேரம் கழித்து அடி நின்றது. ஒரு பெண் குரல், இளசுதான், "இன்னும் எவ்வளவு நாள் என்னைக் காக்க வைப்பீங்க?" என்று கேட்டது. நீங்கள் சிரித்தீர்கள். எவ்வளவு நேரம் சிரித்தீர்கள்! "உங்களுக்கு இல்லாததா" என்றீர்கள். அந்தக் குரலுக்கு 'உங்களுக்கு இல்லாததா'! போனை வைத்துவிட்டேன்.

முத்திரை அம்மாவின் குரல் அப்படி இருக்காது, அவருக்கு வயதாகியிருக்கும். இது யார்?

வரும் சனிக்கிழமை காலை வண்டியில் கிளம்பி வருகிறேன். உங்களுக்காக இல்லை. எட்டரை மணிக்கு அவன் வேனை நிறுத்தும்போது அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தால் யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை, அதற்காக. பட்டறைக்கு யார் யார் வருகிறார்கள் என்றும் பார்க்கலாம்.


மே 5

வீட்டுக்காரிக்கு,

கடிதம் இன்று கிடைத்தது. இதைத் தபாலில் போட்டால் நீ கிளம்புவதற்கு முன் வந்து சேருமா என்று டீச்சரிடம் கேட்டேன். இன்று மாலை கிளம்பும் தபால் கட்டோடு போனால் சேரும் என்றார். அதனால் வேகமாக எழுதுகிறேன், வேகம் என்றால் ஒரு மணி நேரம்.

பட்டாணியிடம் சொன்னேன். "அப்போ நான் எட்டரைக்கு யார்கூடப் போன்ல பேசறது?" என்றான். "நேர்ல பேசுடா, அதுக்கு எந்தக் கம்பமும் படம் எடுக்காது" என்றேன். பெஞ்சின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தான். மூன்று பேர் உட்காரலாம்.

அந்தப் பெண் யார் என்று எழுதமாட்டேன். நேரில் வந்து கேள்.